சரசு வேண்டாம் என்றது

1

கரடியூரிலிருந்து மாணிக்கம் அண்ணன் அழைத்தார். அவர் எப்போது அழைத்தாலும் முதலில் இரண்டு கேள்விகள் உண்டு. “ஏனுங்க அம்மிணி, சாப்டீங்களா? அங்க இப்ப பகலுங்களா, ராத்திரிங்களா?” இரண்டுக்கும் பதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் விஷயத்துக்கு வருவார்.

“நம்ம சரசு போயி வருசம் திரும்புதுங்க. டயாலிசிஸ்க்குப் போறவங்க எல்லாஞ் சேந்து நாகலூர்ல படம் தொறக்கறோம். நீங்க நாலு வார்த்த பேசி அனுப்புனீங்கன்னா ஸ்பீக்கர்ல போட்டுருவோம். தங்கச்சி கிட்னி தரேன்னு நின்னும் வேண்டாம்னு சொன்னாளே, அத மட்டும் மறந்துராதீங்க. அதுதானுங்க பெருசு.”

சொல்கிறேன் அண்ணா என்றேன். சரசு செய்ததிலேயே பெரியது அதுதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளைப் போலவே நானும் வேண்டாம் என்று சொல்லத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. மாணிக்கம் அண்ணனுக்கு அது தெரியாது.

நான் விமலா. அப்பா நாகலூரில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். சரசுவும் நானும் ஏற்காடு பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்கள். கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்தவள், காசல் என்கிற இந்த ஊரில் அப்படியே தங்கிவிட்டேன். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட பிறகு வாரத்தில் மூன்று நாள் மெஷினோடு படுத்திருக்கிறேன். இங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படுவது எவ்வளவு அலுப்பானது என்பதை ஊரில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் திமிர் என்பார்கள்.

2

மாணிக்கம் அண்ணன் அழைப்பதற்குச் சில நாள் முன்னால்தான் இது நடந்தது.

காலையில் போனதும் எடை பார்ப்பார்கள். போன முறைக்கும் இந்த முறைக்கும் நடுவில் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறேன் என்பதை அந்த எடை காட்டிக்கொடுத்துவிடும். நர்ஸ் ஒன்றும் சொல்ல மாட்டாள், புருவத்தை மட்டும் தூக்குவாள். பிறகு ஊசி. பிறகு நான்கு மணி நேரம் கூரை. பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர், அவருக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. வந்த புதிதில் அவரிடம் வானிலையைப் பற்றி ஏதோ சொல்லப்போய், அவருடைய மனைவி இறந்ததைப் பற்றி நான் விசாரிப்பதாக அவர் எடுத்துக்கொண்டு அழுதுவிட்டார். அன்றிலிருந்து இருவரும் தலையை மட்டும் ஆட்டிக்கொள்கிறோம்.

அன்றைக்கு நர்ஸ் ஊசியைக் குத்திக்கொண்டே, “வாழ்த்துகள்,” என்றாள். எதற்கு என்று கேட்டேன். “உங்கள் மகளுடைய சிறுநீரகம் பொருந்துகிறதாமே, தெரியாதா?” என்றாள்.

தெரியாது. மீரா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் ஊரிலிருந்து ரயிலேறி வந்து, ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, எல்லாச் சோதனைகளையும் முடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு வராமலே திரும்பிப் போயிருக்கிறாள். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பதால் அவருடையது ஆகாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் இந்தப் பேச்சே எழவில்லை. எழாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. கோபம் வந்தால்கூட அசையாமல்தான் கோபப்பட வேண்டும்.

3

சரசுவை உத்வேகம் தந்தவள் என்று சொல்லப்போகிறார்கள். படத்துக்குக் கீழே அப்படித்தான் எழுதுவார்கள். அவள் காதில் விழுந்திருந்தால் “அது என்னடி கருமம்?” என்று கேட்டிருப்பாள். அவள் சிரித்த முகமாக நோயைத் தாங்கிய பெண் கிடையாது. முன்கோபி. மெஷினைத் திட்டுவாள், டாக்டரைத் திட்டுவாள், ஓடிப்போன புருஷனைப் பெயர் சொல்லித் திட்டுவாள். ஆனால் எங்கள் மலையில் இன்றைக்குச் சிலர் உயிரோடு இருக்கிறார்கள் என்றால் அதற்கு அவளுடைய பிடிவாதமும் சில பழைய துண்டுகளும்தான் காரணம்.

மலையில் டயாலிசிஸ் கிடையாது. சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். நாகலூரில் கிளம்புகிற முதல் பஸ் ஏற்காட்டுக்கு வந்து நின்றதும் காலேஜ் பிள்ளைகள், பூக்கூடைக்காரர்கள், வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் முண்டியடித்து ஏறுவார்கள். தலைச்சோலையிலிருந்தும் கரடியூரிலிருந்தும் வருகிற நோயாளிகள் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டே அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்க முடியாது. அதனால் சரசு நாகலூரிலேயே ஏறி, ஆளுக்கொரு துண்டை சீட்டில் போட்டு இடம் பிடித்து வைப்பாள். அங்கன்வாடியில் வேலை பார்த்தவள், பத்துப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்த தொண்டை. பஸ்ஸில் அவளை எதிர்த்துப் பேச ஆளில்லை.

மாணிக்கம் அண்ணன் அப்போது எஸ்டேட் வாட்ச்மேன். கொஞ்ச நாள் டயாலிசிஸ்க்கு வந்தவர், நின்றுவிட்டார். “செத்தா மலையிலயே சாவறேன், நாய் மாதிரி ஏறி எறங்க முடியாது” என்று சொல்லி அனுப்பிவிட்டார். சரசு அவருக்குச் சமாதானம் சொல்லப் போகவில்லை. அடுத்த நாள் வழக்கம் போல அவருக்கும் ஒரு துண்டைப் போட்டாள். ஏற்காட்டில் கூட்டம் ஏறியது. அந்த சீட்டு மட்டும் காலி.

கண்டக்டர் வந்தார். “ஏனுங்க, ஆளு வரலீங்களே, துண்ட எடுங்க.”

“வருவாருங்க.”

“வண்டி எடுத்தாச்சு, இனி எங்கீங்க வருவாரு?”

“அடுத்த வளைவுல ஏறுவாருங்க.”

ஒவ்வொரு வளைவிலும் இதே பேச்சு. நின்றுகொண்டிருந்தவர்கள் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஒரு அம்மா கைக்குழந்தையோடு நின்றார், அவருக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாணிக்கத்தின் சீட்டை மட்டும் தரவில்லை. அது சேலம் வரைக்கும் காலியாகவே போனது.

சாயங்காலத்துக்குள் அந்த சீட்டின் கதை கரடியூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரேஷன் கடையில் மாணிக்கத்தின் சம்சாரத்தை நிறுத்திவைத்துக் கேட்டார்கள். “உங்க ஊட்டுக்காரருக்குன்னு ஒரு சீட்டு சும்மாவே போச்சாம்? அவ்வளவு பெரிய ஆளுங்களா அவரு?” அந்த மானக்கேடு தாங்காமல் அடுத்த முறை மாணிக்கம் பஸ் ஏறினார். அடிவாரம் வரைக்கும் சரசுவைத் திட்டிக்கொண்டே வந்தாராம். இவளும் விடவில்லை. இறங்கும்போது இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

திரும்பி வரும்போது துண்டு தேவைப்படாது. மெஷினிலிருந்து எழுந்து வருகிறவர்கள் துவண்டு போயிருப்பார்கள், பார்க்கிறவர்களே எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவர் வாந்தியெடுப்பார். சரசு பையும் எலுமிச்சம்பழமுமாகச் சீட்டு சீட்டாகப் போவாள். கடைசியில் அவளும் எடுப்பாள்.

4

எனக்கு நோய் வந்தது தெரிந்ததும் முதலில் அவளுக்குத்தான் போன் செய்தேன். நான் அழுதுகொண்டே சொன்னதைக் கடைசிவரை கேட்டாள். பிறகு, “ஏண்டி விமலா, பள்ளிக்கூடத்துலயும் எனக்குப் போட்டி, இதுலயுமா?” என்றாள். அழுகையோடு சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அதன் பிறகுதான் அவள் அழுதாள், அதை மறைப்பதற்காக என்னைத் திட்டினாள்.

அவள் சொல்லித்தான் தாகத்தோடு வாழக் கற்றுக்கொண்டேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லுவார். எப்படி என்று அவருக்குத் தெரியாது. சரசுவுக்குத் தெரியும். காப்பி விளைகிற ஊரில், போகிற வீட்டிலெல்லாம் காப்பி கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் மனசு நோகும். அதனால் அவள் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தாள். டயாலிசிஸ்காரர்கள் யார் வீட்டுக்குப் போனாலும் குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற பாலாடையில்தான் காப்பி தர வேண்டும். இப்போது நாகலூரில் நோயாளி இல்லாத வீட்டிலும் ஒரு பாலாடை இருக்கிறதாம்.

எங்கள் மலையில் விளைகிற பழம் எதையும் அவள் தின்னக் கூடாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும். ஆரஞ்சு ஆகாது, பலா ஆகாது, மலைவாழை ஆகாது, கொய்யா ஆகாது. “சாமி இந்த மலைய எனக்குக் காட்றதுக்குத்தான் வெச்சிருக்குது, திங்கறதுக்கு இல்ல” என்பாள். பலாப்பழ வாசம் வருகிற மாதங்களில் அவள் குரலே மாறிவிடும். அப்போது நான் போன் செய்தால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். இதையெல்லாம் படத்துக்குக் கீழே எழுத மாட்டார்கள்.

அவளுடைய தங்கை கோகிலாவை நாகலூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். தன் புருஷன் ஓடிப்போன பிறகு கோகிலா வீட்டை ஒட்டிய அறையில்தான் சரசு இருந்தாள். கோகிலாவுடையது பொருந்தும் என்று தெரிந்ததும், சேலத்தில் எல்லா நோயாளிகளும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் கோகிலா வந்து, “அக்கா, நான் தரேன்” என்றாள். சரசு எல்லாருக்கும் கேட்கும்படி, “மரமேறி மொளகு பறிக்கறவ இவ. ரெண்டு சின்னப் புள்ளைங்க. இவ கிட்னிய வாங்கிட்டு நான் ஊட்ல உக்காந்து திங்கவா? வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். அங்கிருந்த ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். அந்தக் கதை மலை முழுக்கப் பரவியது. எனக்கும் அதைக் கேட்டுப் புல்லரித்தது.

போன தை மாதம், காப்பிப்பழம் பறிக்கிற நாட்களில், பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சடைத்துவிட்டது. எனக்குச் செய்தி வந்தபோது நான் மெஷினில் இருந்தேன். ஊருக்குப் போவதென்றால் அங்கே எனக்கு ஒரு மெஷின் ஏற்பாடாக வேண்டும், இங்கே இன்சூரன்ஸ் சம்மதிக்க வேண்டும், டாக்டர் கையெழுத்திட வேண்டும். இன்சூரன்ஸ்காரர் போனில் இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். சிநேகிதி என்றேன். அதற்கு அவர்களிடம் வழியில்லையாம். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது.

5

மீராவைக் கூப்பிட்டேன். வந்தாள். கூடவே அவளோடு குடியிருக்கிற பையனும் வந்தான். நல்ல பையன். என்னை ‘நீங்கள்’ என்று பன்மையில் அழைக்காதீர்கள், அந்நியமாக இருக்கிறது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டான். எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டியைக்கூட வாங்க போங்க என்போம், மாப்பிள்ளையாகப் போகிறவனை எப்படி நீ என்பது? நான் மரியாதை கொடுக்கிறேன், அவன் நான் தள்ளி வைப்பதாக நினைக்கிறான். இந்த நாட்டில் என் அன்பு பெரும்பாலும் இப்படித்தான் போய்ச் சேருகிறது.

சாப்பிட்டு முடியும் வரை பொறுத்தேன். பிறகு, “எனக்கு வேண்டாம்,” என்றேன்.

“உன்கிட்ட யாரும் கேக்கல,” என்றாள் மீரா. அவளுடைய தமிழ் அவ்வளவுதான், கோபம் வந்தால் வெட்டு வெட்டாக வரும். மீதியை ஜெர்மனில் கொட்டினாள். இது தன் உடம்பு, தன் முடிவு, தான் டாக்டர்களிடம் பேசியாகிவிட்டது என்றாள்.

நான் சரசுவின் கதையைச் சொன்னேன். எல்லாரும் கைதட்டியதைச் சொன்னேன்.

மீரா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அந்தத் தங்கச்சி என்ன சொன்னாங்க?” என்றாள்.

இத்தனை வருடங்களில் அதை நான் யோசித்ததே இல்லை. அதற்காகவே அவள் மேல் இன்னும் கோபம் வந்தது. “உனக்கென்ன தெரியும் அவளைப் பத்தி?” என்று கத்தினேன். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

இங்கே உயிரோடிருப்பவரிடமிருந்து உறுப்பை வாங்குவதென்றால் ஒரு குழுவின் முன்னால் போய் உட்கார வேண்டும். கொடுப்பவர் மனமார்ந்து கொடுக்கிறாரா என்று விசாரிப்பார்கள், வாங்குபவரையும் கேட்பார்கள். அதற்கு நாள் குறித்தாகிவிட்டது. அங்கே போய், அத்தனை பேர் முன்னிலையில் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. சரசு காட்டிய வழிதான்.

6

மாணிக்கம் அண்ணனுக்குப் பேசி அனுப்புவதற்கு முன்னால் கோகிலாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று அழைத்தேன். மீராவின் கேள்வி உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது என்பதுதான் நிஜம்.

கோகிலா களத்தில் காயப்போட்ட காப்பியைப் பலகையால் துழாவிக்கொண்டிருந்தாள். “சொல்லுங்கக்கா,” என்றாள். படத்திறப்பில் அந்தக் கதையைச் சொல்லப்போகிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

“பேசுங்கக்கா. எல்லாரும் பேசறாங்க. நீங்களும் பேசுங்க.” களத்தில் பலகை உரசும் சத்தம் நின்றது. “அன்னைக்கு அக்கா வேண்டாம்னு சொன்னப்ப எல்லாரும் அக்காவத்தான் பாத்தாங்க. என்னைய ஒருத்தரும் பாக்கலீங்க.”

“உனக்குக் கஷ்டம் வரக் கூடாதுன்னுதான கோகிலா...”

“கஷ்டம் வராமயாங்க்கா இருந்துச்சு? வாந்தி எடுத்தா அள்ளுனது நானு. பஸ்ஸுலருந்து தாங்கிட்டு வந்து படுக்க வெச்சது நானு. அவ துணி தொவச்சது, காலு அமுக்குனது எல்லாம் நாந்தானுங்க. அதெல்லாம் வாங்கிக்கிட்டா. இத மட்டும் வாங்கிக்க மாட்டேன்னுட்டா. ஏங்க்கா, நான் குடுத்தா ஆகாதா? அப்பறம் நான் கேக்கவே இல்லீங்க. அவளும் பேசல. ஒரே ஊட்லதான் இருந்தோம், அத மட்டும் பேசிக்கல.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

“ரெண்டும் எங்கிட்டத்தானுங்க்கா இருக்குது,” என்றாள் கோகிலா. “நொம்ப பத்திரமா இருக்குது. அக்காதான் இல்ல.”

போனை வைத்துவிட்டு வெகுநேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். சரசு மேல் எனக்கு முதல் முறையாக ஆத்திரம் வந்தது. மாணிக்கத்தை மூஞ்சியில் சாணி அடிக்காத குறையாகப் பஸ்ஸில் ஏற்றியவள், தன் தங்கையை மட்டும் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டாளே என்று இருந்தது. ஊரெல்லாம் உதவி செய்கிறவளுக்குத் தனக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை. பாவி, உன்னை நான் சாமியாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தேனே.

மாணிக்கம் அண்ணனுக்குப் பேசி அனுப்பினேன். காலியாகப் போன சீட்டைச் சொன்னேன், பாலாடையைச் சொன்னேன், பலாப்பழ மாதங்களைச் சொன்னேன். அவர் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. “நல்லா இருந்துச்சுங்க, முக்கியமானத விட்டுட்டீங்களே அம்மிணி” என்று பதில் வந்தது. விளக்கம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

7

குழு என்றதும் பெரிய சபையாக நினைத்திருந்தேன். சின்ன அறை, மேசைக்குப் பின்னால் மூன்று பேர், ஒரு தண்ணீர்ச் சீசா. அந்தச் சீசாவை நான் பார்க்காமல் உட்கார வேண்டியிருந்தது. என் அரைகுறை ஜெர்மன் அங்கே போதாது, மகளே தாய்க்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. ஆகவே ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணை மொழிபெயர்க்க அழைத்திருந்தார்கள். முதலில் மீரா உள்ளே போனாள். நான் வெளியே காத்திருந்தேன். சண்டைக்குப் பிறகு அன்றுதான் அவளைப் பார்க்கிறேன். அவள் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னைத் தாண்டிப் போய் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். பிறகு என்னை அழைத்தார்கள்.

நடுவில் இருந்த பெண் கேட்டார். யாழ்ப்பாணத்துப் பெண் என் பக்கம் திரும்பி, “அம்மா, நீங்கள் மகளிட்டக் கேட்டனீங்களோ, இல்லாட்டி அவ தானா முன்வந்தவவோ எண்டு கேக்கினம்,” என்றாள்.

“நான் கேக்கலீங்க,” என்றேன்.

அவள் சொன்னாள். அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கேள்வி வந்தது. “மகளும் அதைத்தான் சொன்னவ. அம்மா என்னட்ட ஒண்டும் கேக்க மாட்டா, சின்ன வயசிலயிருந்தே கேட்டதில்லை எண்டு சொன்னவவாம். உங்களுக்கு இது வேணுமோ, வேண்டாமோ? அதை உங்கட வாயாலை சொல்லட்டாம்.”

வேண்டாம் என்கிற சொல் நாக்கின் நுனியில்தான் இருந்தது. பல நாள் பழகி வைத்திருந்தேன். அதைச் சொல்லியிருந்தால் ஊரில் எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். மீரா பெஞ்சின் மறுகோடியில் இரண்டு சிறுநீரகங்களோடு பத்திரமாக உட்கார்ந்திருப்பாள்.

“எனக்கு வேணுங்க,” என்றேன். “எனக்குச் சாக இஷ்டமில்லீங்க.”

அந்தப் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தாள். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான், போகலாம் என்றார்கள்.

அந்நியர்களிடம் சொல்வது அவ்வளவு சிரமமாக இல்லை. கதவைத் திறந்த பிறகுதான் சிரமம் தொடங்கியது. உள்ளே நான் சொன்னது மீராவுக்குக் கேட்டிருக்காது. இன்னொரு முறை சொல்லியாக வேண்டும். அவள் உடம்பைக் கத்தி வைத்துத் திறப்பார்கள், அவளுக்கு ஏதாவது ஆகிவிடலாம், வாங்கிய பிறகும் அது எனக்குள் நிலைக்காமல் போகலாம். எல்லாம் எனக்குத் தெரியும். போய் அவள் முன்னால் நின்றேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

“கண்ணு,” என்றேன். அவளை அப்படி அழைத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. “உன்னோடது எனக்கு வேணும். தருவியா?”

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அந்தத் தாழ்வாரத்தில் போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்க்கும்படி, என்னைக் கையால் அடித்து அடித்து அழுதாள்.